பதிலுக்கு முன்னால் ஒரு பச்சைக் கோடு

நேற்று மதியம் பயிற்சி வகுப்பு முடிந்ததும், ஆய்வுக் குழுவில் புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர் என்னிடம் வந்து, "மேடம், ஸ்கிரீன்ல வர்ற கலரை எவ்வளவு தூரம் நம்பலாம்?" என்று கேட்டார். பாதிக்குப் பாதி என்று சிரித்தபடி சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். தெம்பனிஸில் இருக்கும் வீட்டுக்கு ரயிலில் போகும்போது அந்தப் பதில் என்னை உறுத்த ஆரம்பித்தது. அந்தக் கேள்விக்கு என்னிடம் உண்மையான பதில் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் சிரித்தேன். அதனால் இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன்பு முப்பது ஆண்டுகளுக்கு மேல், மற்றவர்கள் பேசுவதைக் கேட்பதும், அதை எழுத்தாக்குவதும், எழுதியதை அடுக்கிப் பார்ப்பதுமே என் வேலை. காதை நம்பிப் பிழைத்தவள் என்று என்னைச் சொல்லலாம். இது என் காது என்னைக் கைவிட்ட கதை.

இதில் வரும் அம்மையாரின் உண்மையான பெயரைச் சொல்ல மாட்டேன். நம் தொழிலின் முதல் விதி அது. கமலம் என்று நானாக ஒரு பெயர் வைத்துக்கொள்கிறேன். புக்கிட் மேராவில் பழைய அடுக்குமாடி புளோக் ஒன்றின் ஒன்பதாம் மாடியில் மூவறை வீடு. எழுபதைத் தாண்டியவர். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. தனியே வாழும் முதியவர்களைப் பற்றி எங்கள் குழு செய்த ஆய்வில் தமிழ் பேசுபவர்களைப் பேட்டி எடுத்தது நான். ஒவ்வொருவரையும் இரண்டு தடவை, ஒரு மாத இடைவெளியில் பார்க்க வேண்டும்.

அந்த ஆய்வில்தான் முதன்முதலாக நாங்கள் காட்சிக் கருவியைப் பயன்படுத்தினோம். இன்று உங்களிடம் இருப்பதற்குத் தாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டியை அதில் ஏற்றினால் பேச்சு இடமிருந்து வலமாக நீளும் பட்டையாக மாறிவிடும். கேள்வி கேட்பவர் குரல் நீலம், பதில் சொல்பவர் குரல் ஆரஞ்சு. யாரும் பேசாத நேரம் வெள்ளை. பட்டையில் எந்த இடத்தைத் தொட்டாலும் அங்கே பேசிய சொற்கள் திறக்கும், குரலும் கேட்கும். யார் பேசுகிறார் என்பதைக் கருவியே குரலை வைத்துப் பிரித்துவிடும். அதை உருவாக்கியவள் வினோதினி. அப்போது அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. லிட்டில் இந்தியாவில் கடைவீடு ஒன்றின் இரண்டாம் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே மசாலா அரைப்பார்கள். அவள் கணினிக்கும் என் மேசைக்கும் நடுவே எப்போதும் மல்லித்தூள் வாசம் இருக்கும்.

கமலத்தம்மாவின் இரண்டாவது பேட்டி ஒரு திங்கட்கிழமை நடந்தது. புதன்கிழமை வினோதினி என்னைக் கூப்பிட்டாள்.

"பரீதாக்கா, இதுல மூணு பேர் இருக்காங்க. யாரு அந்த மூணாவது ஆள்?"

எட்டிப் பார்த்தேன். நீலம், ஆரஞ்சு இவற்றுக்கு இடையே நூல் மாதிரி மெலிந்த பச்சைக் கோடுகள், அங்கொன்றும் இங்கொன்றுமாக. தொட்டுப் பார்த்தால் சொற்கள் வரவில்லை. ‘தெளிவில்லை’ என்று மட்டும் வந்தது.

"மூணாவது ஆளே கிடையாது. நான் அங்கதான உக்காந்திருந்தேன்," என்றேன். "டிவி லா அது. இல்லாட்டி பக்கத்து வீடு."

அது ஒன்றும் அசட்டையில் சொன்னது இல்லை. அந்தக் கருவி அதற்கு முன்பும் பலமுறை ஏமாந்திருந்தது. கேலாங்கில் எடுத்த பேட்டி ஒன்றில் பக்கத்து வீட்டு மைனாவை மூன்றாவது நபராகக் காட்டியது. தெம்பனிஸில் ஒருவர் இருமினால் அவரையே இரண்டு பேராகப் பிரித்தது. அதனால் வினோதினியும் வாதாடவில்லை. ஆய்வுக்கு ஆதரவளித்தவர்களுக்கு அடுத்த வாரம் படங்களைக் காட்ட வேண்டியிருந்தது. படம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது என் கவலை. பச்சையைத் தேர்ந்தெடுத்து, ‘இரைச்சல்’ என்ற பிரிவில் சேர்க்கச் சொன்னேன். ஒரே சொடுக்கு. பச்சைக் கோடுகள் இருந்த இடமெல்லாம் வெள்ளையானது. நீலம், ஆரஞ்சு, நடுவே வெள்ளை. பார்க்க அழகாக இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, எல்லாப் பேட்டிகளின் தயக்கங்களையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். கேள்வி முடிந்து பதில் தொடங்கும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் கருவி தனியே எடுத்து வரிசையாக நிறுத்திக் காட்டும். மனிதர்கள் தயங்குவதில் ஓர் ஒழுங்கும் இருக்காது. பிடித்த விஷயம் என்றால் கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். வலிக்கிற இடத்தில் பதில் தள்ளிப் போகும். கமலத்தம்மாவின் முதல் பேட்டி அப்படித்தான் இருந்தது. இரண்டாவதைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. சமையல், முட்டிவலி, சந்தை பற்றிய கேள்விகளுக்கு உடனே பதில். ஆனால் வீட்டுக்கு யார் வருவார்கள், இரவில் யார் துணை, வெளியே போனீர்களா, எதற்காவது பயமா என்று கேட்ட இடங்களில் எல்லாம் ஒரே அளவு வெள்ளை. மூன்று விநாடி. அடுத்த கேள்விக்கும் மூன்று விநாடி. அதற்கடுத்ததற்கும்.

யாரும் அப்படித் தயங்க மாட்டார்கள்.

இரைச்சல் பிரிவைத் திறந்து பச்சையைப் பழையபடி வைக்கச் சொன்னேன். வினோதினி வைத்தாள். ஒவ்வொரு மூன்று விநாடி வெள்ளைக்குள்ளும் ஒரு பச்சைக் கோடு போய் உட்கார்ந்தது. நீலம், பச்சை, ஆரஞ்சு. பட்டை முழுக்க அதே வரிசை. நான் கேட்கிறேன், யாரோ பேசுகிறார், பிறகு கமலத்தம்மா பதில் சொல்கிறார்.

வினோதினி ஒலியைக் கூட்டி, மற்றச் சத்தங்களை வடிகட்டிவிட்டுக் காதில் மாட்டிக் கேட்டாள். அதே இடத்தை மறுபடி ஓடவிட்டுக் கேட்டாள். கழற்றி என்னிடம் கொடுத்தாள். நான் மாட்டிக்கொண்டு கேட்டேன். என் குரல் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு கமலத்தம்மா, "இல்லம்மா, யாரும் இல்ல" என்றார்.

"ஒண்ணும் கேக்கலையே," என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அக்கா, உங்களுக்கு நிஜமா கேக்கலையா? ஒரு ஆம்பளக் குரல். ‘இல்லைன்னு சொல்லுங்க’ங்குது."

மூன்று முறை போட்டுக் கேட்டேன். மூன்று முறையும் எனக்கு அங்கே வெறுமைதான். என் செவித்திறன் குறைந்து வருவது எனக்குத் தெரியாமல் இல்லை. முக்காடு காதை மூடுவதால்தான் என்று ஓராண்டாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் குரல் பேசியபோது நான் கமலத்தம்மாவுக்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கேட்காததை, அவர் சேலையில் நான் மாட்டியிருந்த சிறிய மைக் கேட்டிருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை என்பதையே ஆதாரமாக வைத்து, அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

வினோதினி மீதிப் பச்சைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். மரியாதையான பேச்சு. ‘நல்லா இருக்கேன்னு சொல்லுங்க.’ ‘பேங்க் போகலைன்னு சொல்லுங்க.’ ‘கதவு காத்துக்காக மூடியிருக்குன்னு சொல்லுங்க.’ கடைசியாக ஒன்று: ‘இந்தம்மா எப்பப் போவாங்கன்னு கேளுங்க.’ அந்தக் கேள்வியைக் கமலத்தம்மா என்னிடம் கேட்டது எனக்கு நினைவுக்கு வந்தது. களைப்பாக இருக்கிறார்போல என்று நினைத்துக் கிளம்பிவிட்டேன். முதல் முறை போனபோது திறந்தே கிடந்த அவர் வீட்டுக் கதவு, இரண்டாம் முறை மூடியிருந்ததும் நினைவுக்கு வந்தது.

எங்கள் குழுத் தலைவியிடம் போனோம். அவர் பெயரையும் எழுதப்போவதில்லை, அவருக்கு அது பிடிக்காது. எழுதியதை இரண்டு முறை படித்தார். பிறகு, இது யாராவது போலீஸ் அதிகாரியைப் போல நடித்து, அவரைப் போனிலேயே கட்டிப்போட்டிருக்கும் வேலையாக இருக்கலாம் என்றார். அப்படிப்பட்டவர்கள் இரவும் பகலும் இணைப்பைத் துண்டிக்க விடமாட்டார்கள், யாரிடமும் சொல்லக் கூடாது என்று மிரட்டி வைப்பார்கள். உறவினர் யாராவது கூட இருந்து சொல்லிக் கொடுத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. நமக்கு நிச்சயமாகத் தெரியாது.

வினோதினி உடனே போலீசை வாசலுக்கு அனுப்ப வேண்டும் என்றாள். நானோ, பேட்டியில் சொன்னது வெளியே போகாது என்று அந்த அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தவள். இருவரும் ஒரே நேரத்தில் பேசினோம். தலைவி கையைக் காட்டி நிறுத்தினார்.

"வாக்கு அந்த அம்மாவுக்குக் கொடுத்தது. மூணாவது ஆளுக்கு இல்ல. போலீஸ்கிட்ட நான் சொல்றேன். ஆனா அவங்க பயந்துகிட்டு இருக்கிறதே போலீசுக்குத்தான். வாசல்ல யூனிஃபார்ம் நின்னா, அவன் சொன்னது உண்மைன்னு ஆயிடும். அவங்க என்ன செய்வாங்கன்னு நமக்குத் தெரியாது."

தொலைபேசியில் காவல்துறைக்கு விவரம் சொன்னார். முதலில் எங்களில் ஒருவர் போய் அவரை வீட்டைவிட்டு வெளியே கூட்டிவர அனுமதி கேட்டார். அரை மணி நேரம் தந்தார்கள். அதற்குள் வராவிட்டால் அவர்களே மேலே வருவதாக ஏற்பாடு.

அந்தக் குரல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும். அப்படியென்றால் அந்த வீட்டுக்குள் நான் எதைப் பேசுவது? டாக்சியில் போகும்போது வினோதினிதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். பதிவுக் கருவியை உடனுக்குடன் அனுப்பும்படி மாற்றி வைத்தாள். வீட்டில் நடக்கும் பேச்சு அப்போதே என் கையிலிருக்கும் பலகைக் கணினியிலும், கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கும் அவள் மடிக்கணினியிலும் நிறமாகவும் எழுத்தாகவும் வந்துவிடும். அலுவலகத்தில் வடிகட்டிய அதே வடிகட்டியை அதில் போட்டிருந்ததால் இப்போது பச்சைக்கும் எழுத்து வரும். "உங்களுக்குக் கேக்காட்டி பரவாயில்லக்கா. நீங்க பாருங்க," என்றாள்.

பிற்பகல் இரண்டு மணி. ஒன்பதாம் மாடித் தாழ்வாரத்தில் வெயில் தரையெல்லாம் கிடந்தது. மூங்கில் கழிகளில் துணிகள் காய்ந்தன. பக்கத்து வீட்டில் மலாய் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் வழக்கம்போல இருந்ததுதான் பயத்தைக் கூட்டியது. கதவைத் தட்டினேன். உள்ளே நாற்காலி நகரும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. கதவு திறந்தது.

ஒரு வாரத்தில் ஆள் பாதியாக இளைத்திருந்தார். சேலைத் தலைப்பை இடது தோளோடு சேர்த்து இறுகப் பிடித்திருந்தார். போன வாரம் பேசியதில் சில சொற்கள் புரியவில்லை, சரிபார்க்க வந்தேன் என்றேன். அவர் கண்ணைத் தாழ்த்திக் கொஞ்சம் காத்திருந்துவிட்டு உள்ளே வரச் சொன்னார்.

உட்கார்ந்ததும் மைக்கை எடுத்து அவர் சேலையில் மாட்டினேன். மாட்டலாமா என்று கேட்கவில்லை. என் பணிக்காலம் முழுவதிலும் கேட்காமல் மாட்டியது அந்த ஒரு முறைதான். சரியா தவறா என்று இன்றும் யாராவது கேட்டால் என்னால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது.

திரையை என் மடியில் வைத்துக்கொண்டு, ‘அங்காடி’ என்றீர்களா, ‘அங்கே’ என்றீர்களா என்று ஏதோ கேட்டேன். நீலம் ஓடியது. உடனே அதன் பின்னால் பச்சை முளைத்தது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. மின்விசிறி சுற்றியது, கமலத்தம்மாவின் உதடு அசையவில்லை. திரையில் மட்டும் எழுத்து ஒவ்வொன்றாக விழுந்தது: ‘சீக்கிரம் பதில் சொல்லி அனுப்பிடுங்கம்மா.’

"அங்காடின்னுதான் சொன்னேன்," என்றார் கமலத்தம்மா.

அறையில் எங்களோடு ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், அவனை என்னால் பார்க்க மட்டுமே முடிகிறது, கேட்க முடியவில்லை. வாய் ஓயாமல் ஏதேதோ சொற்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டே, போன வாரப் பேட்டியின் படத்தை ஒலி வராமல் திறந்து அவர் பக்கம் திருப்பினேன். அவர் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவர், எழுத்துக் கூட்டி நன்றாகப் படிப்பார். நீலத்தைத் தொட்டேன். ‘ராத்திரியில யாராவது துணைக்கு இருக்காங்களா?’ விரலை நகர்த்திப் பச்சையைத் தொட்டேன். ‘இல்லைன்னு சொல்லுங்க.’ ஆரஞ்சைத் தொட்டேன். ‘இல்லம்மா, யாரும் இல்ல.’

அவர் விரலை நீட்டித் தானே அடுத்த பச்சையைத் தொட்டார். அதற்கடுத்ததைத் தொட்டார். கண்ணீர் வரவில்லை. தான் பேசியதை முதன்முறையாகப் படிப்பவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நான் வாயால் கத்தரிக்காயைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டே, திரையின் ஓரத்தில் எழுதினேன்: ‘இவன் போலீஸ் இல்லை. நான் உங்களோடு இருக்கிறேன். வெளியே வாருங்கள்.’

அவர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். யோசித்துப் பார்த்தால் அவருக்கு நானும் ஓர் அந்நியப் பெண்தான். இரண்டு முறை வந்து கேள்வி கேட்டவள். அந்தக் குரலாவது பல நாள்களாகக் கூடவே இருக்கிறது. யாரை நம்புவது என்று அவர் முடிவு செய்த அந்தச் சில நொடிகளில் நான் எதுவும் எழுதவில்லை, எதையும் சுட்டிக் காட்டவும் இல்லை. அவசரத்தில் ஏதாவது செய்யத் துடிப்போம். அங்கே கையைக் கட்டிக்கொண்டதுதான் நான் சரியாகச் செய்த ஒரே காரியம் என்று தோன்றுகிறது.

பச்சை மறுபடி ஓடியது. ‘ஏன் பேச்சு இல்ல? என்ன செய்றீங்க?’

கமலத்தம்மா தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "பாத்ரூம் போயிட்டு வர்றேன், சார்," என்றார். என்னிடம் சொல்லவில்லை.

‘ரெண்டு நிமிஷம்’ என்றது திரை.

அவர் தோளருகே ரவிக்கைக்குள்ளிருந்து போனை எடுத்து, தூங்கும் குழந்தையைக் கிடத்துவது போல மேசையில் வைத்தார். அதில் அழைப்பு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் மைக்கைக் கழற்றி அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். இனி அவர் பேச்சைப் பதிவு செய்ய எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. அவர் செருப்புக்கூடப் போடவில்லை. கதவைச் சாத்தாமல், மெல்லத் தாழ்வாரத்துக்கு வந்தோம். மின்தூக்கி வரும் வரை அவர் என் கையைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிற மாதிரி இருக்கிறது.

கீழ்த்தளத்தில் கல்மேசை ஒன்றில் வினோதினி மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். தலைவியிடம் போனில் சொல்லிவிட்டு, திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். ஆளில்லாத வீட்டில் அவன் பேசிக்கொண்டிருந்தான். நீலம் இல்லை, ஆரஞ்சு இல்லை. பச்சை மட்டும், ஒன்றன்பின் ஒன்றாக, நீளமாக.

‘வந்துட்டீங்களா?’
‘அம்மா?’
‘எங்க இருக்கீங்க? பதில் சொல்லுங்க.’
‘நீ எங்க போனாலும் எனக்குத் தெரியும்.’
‘உன்னைக் கைது பண்ண வண்டி கிளம்பியாச்சு.’

அப்புறம் கொஞ்ச நேரம் வெள்ளை. பிறகு கடைசியாக ஒன்று வந்தது. ‘அம்மா, சாப்பிட்டீங்களா?’

அதைப் படித்ததும் கமலத்தம்மா எழுந்து நின்றுவிட்டார். மேலே போகப் போகிறார் என்று நான் நினைத்தேன். அப்போதுதான் இரண்டு காவல் அதிகாரிகள் கார் நிறுத்துமிடத்தின் பக்கமிருந்து நடந்து வந்தார்கள். கமலத்தம்மா மறுபடி என் கையைப் பிடித்துக்கொண்டார். என் காதருகே குனிந்து கேட்டார். இந்த முறை எனக்குக் கேட்டது.

"இவங்க நெசமா? இல்ல இவங்களும் அவன் ஆளா?"

நெசம் என்று நான் சொன்னால் போதாது. அந்தக் குரலும் தன்னை நெசம் என்றுதான் சொல்லியிருக்கும். அதிகாரிகளைக் கொஞ்சம் தள்ளியே நிற்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். அவர்களும் புரிந்துகொண்டு நின்றார்கள். பிறகு அவரிடம், இத்தனை வருடமாகச் சந்தைக்குப் போகும் வழியில் நீங்கள் பார்த்த அக்கம்பக்கக் காவல் நிலையத்துக்கு நாம் இருவரும் நடந்து போவோம், அந்தக் கட்டடத்தை யாரும் நேற்று வந்து கட்டவில்லை என்றேன். வினோதினி தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தாள். மூவரும் நடந்தோம். அதிகாரிகள் எங்களுக்குப் பத்தடி பின்னால் வந்தார்கள்.

அங்கே போய்த்தான் முழு விவரமும் வெளியே வந்தது. இறந்துபோன கணவரின் பெயரில் ஏதோ வழக்கு என்று ஆரம்பித்திருக்கிறான். விசாரணை முடியும் வரை போனை அணைக்கக் கூடாது, கதவைத் திறந்து வைக்கக் கூடாது. தூங்கப் போகவும் அவனிடம் கேட்க வேண்டும். மொத்தம் பதின்மூன்று நாள். அதில் ஆறு நாள், நான் பச்சையை அழித்ததற்கும் அதைத் திரும்ப வைத்ததற்கும் இடைப்பட்டது. அவர் சேமிப்பில் பெரும்பகுதி போனது அந்த ஆறு நாளில்தான். கொஞ்சம்தான் மீட்க முடிந்தது. அவனைப் பிடிக்கவில்லை. எந்த ஊரிலிருந்து பேசினான் என்றுகூட யாருக்கும் தெரியவில்லை.

மறுவாரம் நான் காதைச் சோதித்துக்கொண்டேன். இப்போது நான் மாட்டியிருக்கும் செவிக்கருவி அப்போது வாங்கியதுதான். உங்களில் சிலர் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போல இருக்கிறீர்கள். தயங்க வேண்டாம்.

இரண்டு மாதம் கழித்துக் கமலத்தம்மாவைப் பார்க்கப் போனேன். கதவு திறந்திருந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா கொடுத்த குவே பலகாரத்தை எனக்கும் வைத்தார். தூக்கம் எப்படி என்று கேட்டேன். வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது, அதுதான் கஷ்டம் என்றார். தட்டை என் பக்கம் நகர்த்திக்கொண்டே சொன்னார்.

"அவன் பாவிதான். ஆனா தினமும் மூணு வேளையும் சாப்பிட்டீங்களான்னு கேட்டது அவன் ஒருத்தன்தான். நீங்ககூட அதைக் கேக்கல, பரீதா."

என் கேள்வித்தாள் எனக்கு மனப்பாடம். என்ன சமைப்பீர்கள் என்று இருந்தது, எங்கே வாங்குவீர்கள் என்று இருந்தது. அவர் சொன்னது உண்மை.

நான் போனது வேறொரு காரியத்துக்கு. அவர் விரும்பினால் பேட்டி முழுவதையும் ஆய்விலிருந்து எடுத்துவிடலாம். அல்லது மூன்றாவது குரலை மட்டும் நீக்கிவிட்டு, அவர் பேசியதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். இதைச் சொல்லும்போதே, ஒருமுறை அதை நான் நீக்கியிருந்தேன் என்பதையும் சொல்லிவிட்டேன். ஆறு நாள் என்பதையும் சொன்னேன். தலைவியும் வினோதினியும் அதைச் சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைத்தார்கள். எனக்குத் தேவைப்பட்டது.

அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் என் மடியிலிருந்த திரையைத் தன் பக்கம் இழுத்து, அந்தப் பட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அவன் பேசினதை எடுத்துடாதீங்க. அதை எடுத்துட்டா, இந்த இல்லை, இல்லைங்கிறதெல்லாம் நானே சொன்ன மாதிரி ஆயிடும்."

அலுவலகத்துக்கு வந்து வினோதினியிடம் சொன்னேன். அந்தக் கோப்பில் பச்சையை நிரந்தரமாகச் சேர்த்தாள். சேர்க்கும்போது, பேச்சாளரின் பெயர் என்ன என்று கருவி கேட்டது. பெயர் இல்லாமல் ஒரு நிறத்தை அது ஏற்காது. அவள் என்னைப் பார்த்தாள். ‘தெரியாது’ என்று தட்டினாள். கருவி அதையே ஒரு பெயராக எடுத்துக்கொண்டு, என் பெயருக்கும் கமலத்தம்மாவின் பெயருக்கும் நடுவே வைத்தது.